மார்கழியில் கிளம்பிய ஆமை

நாவலேரியில் செவந்தி என்று ஓர் ஆமை இருந்தது. அதற்கு ஒரே ஆசைதான். பட்டணத்துக்குப் போய்த் தன் அக்கா பவழத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பவழம் ஒன்றும் இஷ்டப்பட்டுப் பட்டணம் போகவில்லை. குட்டியாக இருந்தபோது மீன் வலையில் மாட்டிக்கொண்டது. வலைக்கயிறு இறுக்கியதில் ஓட்டின் ஓரம் உடைந்துபோனது. யாரோ ஒரு புண்ணியவான் அதை வாங்கி, வேண்டுதல் என்று சொல்லி, பட்டணத்துக் கோயில் குளத்தில் கொண்டுபோய் விட்டார். பிடித்த ஏரியிலேயே விட்டிருக்கலாம். அதெல்லாம் மனிதர்களுக்குத் தோன்றாது.

அம்மா ஆமை செத்த பிறகு, சொந்தம் என்று செவந்திக்கு மிச்சம் இருந்தது அந்த அக்கா ஒன்றுதான்.

அதே ஏரியில் சாமிக்கண்ணு என்று ஒரு கொக்கு இருந்தது. காலையில் பறந்து பட்டணத்தில் மீன் தின்றுவிட்டு, சாயங்காலம் ஏரிக்குத் திரும்பிவிடும். பட்டணத்துக் கதைகளை அது அளக்க ஆரம்பித்தால் தவளைகள்கூட வாயை மூடிக்கொள்ளும். ஒரு நாள் அது செவந்தியிடம் ஒரு சேதி கொண்டுவந்தது. கோயில் குளத்தில் ஓரம் உடைந்த ஓட்டோடு ஓர் ஆமை இருக்கிறதாம். தங்கச்சியை ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொன்னதாம்.

செவந்திக்குத் தலைகால் புரியவில்லை.

"பட்டணம் போக எந்தக் காலம் நல்லது, கொக்கண்ணே?" என்று கேட்டது.

"இதைக் கேக்கணுமா? மார்கழிதான்" என்றது சாமிக்கண்ணு.

பிறகு விளக்கமாகச் சொன்னது. சித்திரையில் போனால் ரோட்டுத் தார் உருகிக் காலில் ஒட்டும். ஐப்பசியில் போனால் தெருவெல்லாம் வெள்ளம், பஸ்ஸே நீந்தும். மார்கழியில்தான் பட்டணம் பட்டணமாக இருக்கும். விடியும் முன்னே கோயிலில் பாட்டு. வாசலெல்லாம் கோலம். குளத்தில் தண்ணீர் மேல்படி வரைக்கும் தளும்பும். பொங்கல் வாங்கிக்கொண்டு படியில் உட்காருகிறவர்கள் பாதியைக் கீழே சிந்துவார்கள்.

சொன்னது அத்தனையும் உண்மை. கொக்கு மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அது பறக்கிற ஆள். கேட்ட ஆள் நடக்கிற ஆமை. இதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

செவந்தி மார்கழி வரைக்கும் காத்திருந்தது. மாதம் பிறந்த அன்றைக்கே கிளம்பிவிட்டது.

தை பிறந்தபோது திரும்பிப் பார்த்தால் நாவலேரியின் கரையில் நின்ற பனைமரம் இன்னும் தெரிந்தது. மாசியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தாண்டியது. பங்குனியில் ஒரு நாய் அதைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. செவந்தி மல்லாந்து கிடந்து காலை உதைத்தது. ஒரு மாடு வந்து மூக்கால் தள்ளிவிட்ட பிறகுதான் நிமிர முடிந்தது. அப்புறமும் நடந்தது. வாய்க்கால், சாக்கடை, வாய்க்கால். ஒருவழியாகக் கோயில் குளத்தின் படிக்கட்டில் தலையை நீட்டியபோது சித்திரை பிறந்திருந்தது.

குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுக்குளத்தில் பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா!" என்று செவந்தி கத்தியது. யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு பந்துதான் உருண்டு வந்து மூக்கில் இடித்தது.

மண்டபத்து மேல் உட்கார்ந்திருந்த சாமிக்கண்ணு இறங்கி வந்தது. "நீ ஏன் இந்த வெயில்ல வந்தே? மார்கழின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"மார்கழியிலதானே கிளம்பினேன்."

கொக்கு கழுத்தை வளைத்து வெடித்த சேற்றைப் பார்த்தது. தண்ணீர் வற்றினால் உன் அக்கா எங்கே போகிறாள் என்று தெரியாது, மழைக்கு அப்புறம்தான் கண்ணில் படுவாள் என்றது. பிறகு, போனது போகட்டும், ஊருக்குத் திரும்பிப் போய்விட்டு அடுத்த மார்கழிக்கு வா என்றது.

செவந்தியும் திரும்பிவிட்டது. இதைவிட முட்டாள்தனம் இருக்க முடியாது. ஆனால் அவ்வளவு தூரம் நடந்து ஏமாந்தவர்களுக்கு மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

அது ஏரிக்கு வந்து சேர்ந்தபோது அங்கே மழை கொட்ட ஆரம்பித்திருந்தது. தவளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

"என்ன செவந்தி, கச்சேரி எல்லாம் எப்படி?" என்றது ஒன்று.

"பட்டணத்துத் தண்ணி பட்டு ஓடு வெளுத்திருச்சு பாரு" என்றது இன்னொன்று.

செவந்தி தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்த மார்கழி பிறந்ததும் மறுபடி கிளம்பியது. இந்தத் தடவை வேகமாக நடந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தது. வழியில் எங்கேயும் நிற்கவில்லை. வெள்ளரித் தோட்டத்தில்கூட வாய் வைக்கவில்லை.

ஆமையின் வேகம் ஆமையின் வேகம்தான். போய்ச் சேர்ந்தபோது அதே சித்திரை. அதே வெடித்த சேறு. மட்டை பிடித்த பையன்கள்கூட அதே பையன்கள், கொஞ்சம் வளர்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

சாமிக்கண்ணு வந்து எட்டிப் பார்த்தது. அதற்கே பாவமாகிவிட்டது. "திரும்பிப் போயிடு புள்ள. அடுத்த மார்கழிக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

செவந்தி போகவில்லை. கடைசிப் படியின் நிழலில் உட்கார்ந்து யோசித்தது. இப்போது திரும்பினால் மழைக்குத்தான் வீடு போய்ச் சேரும். மார்கழியில் கிளம்பினால் மறுபடி சித்திரையில்தான் இங்கே வந்து நிற்கும். ஆயுசு முழுக்க நடந்தாலும் வெயிலைத்தான் பார்க்கும். அக்காவைப் பார்க்காது.

அப்போது படிக்கட்டு இடுக்கிலிருந்து ஒரு பெருச்சாளி தலையை நீட்டியது. அதன் பெயர் வரதன். குளத்தங்கரையில் பிறந்து வளர்ந்தது.

"இன்னாம்மா, போன வெயிலுக்கும் வந்த, இப்பவும் வந்து குந்திக்கினு கீற. யாரைத் தேடுற?"

செவந்தி அக்காவைப் பற்றிச் சொன்னது.

"ஓரம் ஒடஞ்ச ஓடா? அது எங்கியும் போவல. தோ, பசங்க ஆடுறாங்களே, அதுக்கு அடியில எங்கனா தூங்கிக்கினு கீது. தண்ணி வத்துனா உள்ள பூந்துக்கும். மழை வந்தா தன்னால எந்திரிக்கும்."

செவந்திக்கு நம்பவே முடியவில்லை. நாவலேரி எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. அதனால் மண்ணுக்குள் தூங்குகிற வித்தை அதற்குத் தெரியாது. உடனே போய்த் தோண்டப் பார்த்தது. நகம்தான் தேய்ந்தது. மண் கல்லாக இருந்தது.

தோண்டாதே என்று வரதன் அதட்டியது. இப்போது வெளியே இழுத்தால் அக்கா காய்ந்து செத்துப்போகும் என்றது. வேண்டுமானால் தன் வளைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது, அங்கிருந்து குளத்துப் பக்கமாக ஒரு பொந்து பறித்துத் தருகிறேன், நீயும் படுத்துக்கொள் என்றது.

"மழை வராமப் போயிட்டா?" என்று கேட்டது செவந்தி.

"வரலேன்னா நீயும் அவ்ளோதான், அதுவும் அவ்ளோதான். சும்மா சொல்லக் கூடாதில்ல."

செவந்தி வெளியே பார்த்தது. வந்த வழி வெள்ளையாக வெயிலில் கிடந்தது. அந்த வழியில் போனால் உயிருக்குப் பயமில்லை. ஏரி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. அக்காதான் இல்லை.

"பறிச்சுக் குடு" என்றது.

வரதன் பறித்தது. செவந்தி உள்ளே போய் ஈரம் இருக்கும் இடம் வரைக்கும் புதைந்துகொண்டது. முதலில் பயமாகத்தான் இருந்தது. மூச்சு முட்டுகிற மாதிரி இருட்டு. தலைக்கு மேலே பையன்கள் ஓடுகிற சத்தம். அவுட்டா இல்லையா என்று சண்டை. ஆடி வந்தது, ஆவணி வந்தது. சத்தம் தேய்ந்தது. பயமும் தேய்ந்தது. செவந்தி தூங்கிவிட்டது.

ஐப்பசியில் வானம் கிழிந்த மாதிரி மழை பெய்தது. தண்ணீர் வெடிப்பு வழியாக இறங்கியது. கல்லாக இருந்த மண் மறுபடி சேறானது. செவந்தி விழித்துக்கொண்டு காலை உதைத்தது. எதன் மேலோ இடித்தது.

"எவடி அவ, முகத்துல சேத்தை உதைக்கிறது?" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

செவந்தி கையால் தடவிப் பார்த்தது. ஓடு. ஓரத்தில் உடைசல்.

"அக்கா. நான் செவந்தி."

அந்த ஓடு சேற்றுக்குள் புரண்டு இந்தப் பக்கம் திரும்பியது.

"எப்ப வந்தே?"

"சித்திரையில."

"சித்திரையிலயா! ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?"

"பக்கத்துலயே இருக்கேன்னு எனக்கு மட்டும் தெரியுமா?"

இரண்டும் சேற்றை விலக்கிக்கொண்டு மேலே வந்தன. குளம் நிறைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு படியாக மூழ்கியது. வளைக்குள் தண்ணீர் வந்துவிட்டதால் வரதன் மண்டபத்துக்கு வீடு மாற்றிக்கொண்டது, திட்டிக்கொண்டேதான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று பவழம் கேட்டது. செவந்தி சொன்னது. அன்றைக்கு இரண்டும் சாப்பிடவில்லை. மறுநாள் ஒரே நத்தைக்கு அடித்துக்கொண்டன.

பிறகு மார்கழி பிறந்தது. விடியும் முன்னே கோயிலில் பாட்டுக் கேட்டது. தண்ணீர் மேல்படியில் தளும்பியது. பொங்கல் வாங்கி வந்தவர்கள் பாதியைச் சிந்தினார்கள். கொக்கு சொன்னதில் ஒன்றுகூடக் குறையவில்லை.

காலை வெயில் ஏறும் நேரத்தில் சாமிக்கண்ணு வந்து படியில் இறங்கியது. தண்ணீரில் இரண்டு தலைகளைப் பார்த்துத் திகைத்து நின்றது.

"இந்த மார்கழிக்கு எப்படிச் சரியா வந்து சேர்ந்தே?"

"போன மார்கழியில கிளம்பினேன், கொக்கண்ணே" என்றது செவந்தி. வாயில் இருந்த பொங்கலை முழுங்கிவிட்டுத்தான் சொன்னது.

பறக்கிறவர் குறித்துக் கொடுத்த நாளில் நடக்கிறவர் போய்ச் சேர முடியாது. தன் காலுக்குத் தக்கபடி முன்னாலேயே போய், வெயிலிலும் காத்திருக்கத் துணிந்தவருக்கே நல்ல காலம் வாய்க்கும்.