தங்கமீனுக்கு வாங்கின கால்குலேட்டர்

ஒரு ஊர்ல ஒரு கோவக்காரர் இருந்தாரு. சடையாண்டின்னு பேரு. அவருக்குக் கோவம் சட்டுனு வராது. வந்துச்சுன்னா போகாது.

அவரு வீட்டுக்காரியோட அண்ணன் பேரு தவசி. அதே ஊர்க் கடைத்தெருவுல கடிகாரம், டார்ச் லைட்டு, கால்குலேட்டர் எல்லாம் விக்கிற கடை வெச்சிருந்தாரு. தவசி மகளுக்குக் காதுகுத்து நடந்தப்போ, பந்தியில சடையாண்டி எலைக்கு மட்டும் பாயசம் வரல. பக்கத்து எலைக்கு வந்துச்சு. இவரு எலைய மடிச்சுட்டு எந்திரிச்சவருதான். அன்னிலேர்ந்து மச்சான்கூட ஒரு பேச்சு கிடையாது.

கேக்குறியா?

"ம்."

சடையாண்டி வீட்டுல ஒரு சிமெண்டுத் தொட்டி. அதுல தங்கமீன் வளர்த்தாரு. இருக்குறதுல பெரிய மீனுக்குச் செவலைன்னு பேரு. வயிறு நெறய முட்டை. ஒரு நாள் காலையில எரை போடப் போனா, எப்பவும் சளக் சளக்னு மேல வர்ற செவலை மூலையில ஒதுங்கிக் கிடக்கு. ஒடம்பெல்லாம் உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி.

அப்போ விறுவிறுன்னு மீனு மருந்து விக்கிற அஞ்சலைகிட்டப் போனாரு. அவ நீல மருந்து ஒரு பாட்டில் குடுத்தா.

"சொம்புத் தண்ணிக்கு ஒரு சொட்டு, அண்ணே. பொழுது சாயுறதுக்குள்ள ஊத்திடு. கொறஞ்சா நோவு போகாது. கூடுச்சுன்னா மீனு போயிடும்."

"தொட்டி நூத்தியெம்பது சொம்பு புடிக்கும்."

"உள்ள கல்லு போட்டிருக்கியே, அது அடைக்கிற எடத்தக் கழிக்க வேணாமா?"

"பதினாலு கல்லு. ஒரு கல்லு ஆறு சொம்பு எடத்த அடைக்கும்."

"அப்போ நூத்தியெம்பதுல பதினாலாறு போக மிச்சம்தான் தண்ணி. எனக்கு அவ்வளவு கணக்கு வராது. மிஷின்ல தட்டிப் பாரு."

மிஷின் விக்கிற கடை ஊருக்கே ஒண்ணுதான். தவசி கடை.

"மச்சான்கிட்டப் பேசினாரா?"

எங்க பேசுறாரு. கடைக்குள்ள போயி, வாயத் தொறக்காம, விரல நீட்டினாரு. பட்டன் பெருசு பெருசா இருந்த ஒண்ணு. தவசியும் எதுக்குன்னு கேக்கல. கடைக்காரங்க வரவு செலவு போடுற மிஷின் அது. எடுத்துக் குடுத்தாரு.

வீட்டுக்கு வந்து தட்டினாரு. நூத்தியெம்பது, கழித்தல், பதினாலு, பெருக்கல், ஆறு. டிக் டிக் டிக். தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தியாறுன்னு காட்டுச்சு.

பாட்டில் மூடியத் திருகிட்டாரு. அப்புறம்தான் கை நின்னுச்சு. தொட்டியே நூத்தியெம்பது சொம்பு. சொட்டு மட்டும் எப்படித் தொள்ளாயிரம் வரும்? பாயசம் வைக்காதவன் மிஷினும் அப்படித்தான் இருக்கும்னு முணுமுணுத்துக்கிட்டே திரும்ப நடந்தாரு.

ரெண்டாவது தடவையும் பேசல. மிஷினப் பலகை மேல டொக்குனு வெச்சாரு. இன்னொண்ணக் காட்டினாரு. காலேஜ் புள்ளைங்க வெச்சுக்கிற மாதிரி, ஒடம்பெல்லாம் பட்டன். தவசி மாத்திக் குடுத்தாரு.

அதுல தட்டினா அறுபத்தியாறு, முன்னால ஒரு கழித்தல் கோடு. மறுபடி தட்டினா இருநூத்தி அறுபத்தி நாலு. விரல் தடிமன், பட்டன் பொடிசு. எங்க தப்பா அழுத்தினாருன்னு பாக்கலாம்னா, விடை மட்டும்தான் நிக்குது. தட்டினது எல்லாம் போயிடுச்சு. நிழல் நீண்டுக்கிட்டே வருது. தொட்டிய எட்டிப் பாத்தாரு. செவலை ஒருக்களிச்சு மெதக்குது.

தூங்கிட்டியா?

"ம்ஹூம். செத்துப்போச்சா?"

இன்னும் இல்ல. அப்போ சடையாண்டி மூணாவது தடவை போனாரு. ஓட்டமும் நடையுமா. கடை வாசல்ல நின்னாரு. தவசி மொகத்தப் பாக்கல. மேல சுத்துற ஃபேனப் பாத்தாரு.

"மீனு சாகக் கிடக்கு. மருந்துக் கணக்குப் போடணும்" அப்படின்னு ஃபேன்கிட்டச் சொன்னாரு.

தவசியும் ஃபேனத்தான் பாத்தாரு. "என்ன கணக்குன்னு சொல்லச் சொல்லு."

"நூத்தியெம்பதுல பதினாலாறு போகணும்."

"இத மொதல்லயே சொன்னா என்ன? வரவு செலவு மிஷினு தட்டத் தட்ட அப்பப்பவே போட்டுக்கிட்டே போகும். மொதல்ல பதினாலக் கழிச்சுடும், அப்புறம் எல்லாத்தையும் ஆறால பெருக்கிடும். ரெண்டாவது மிஷினு பெருக்கல மொதல்ல போடும், அது சரிதான். ஆனா பழைய மாடலு. தட்டினதக் காட்டாது."

சொல்லிக்கிட்டே கண்ணாடிப் பெட்டிக்குள்ளேர்ந்து ஒண்ணு எடுத்தாரு. மேல் வரியில தட்டினது அப்படியே நிக்கும். கீழ் வரியில விடை வரும். சடையாண்டி அங்கயே நின்னு தட்டினாரு. மேல் வரியப் பாத்தா, பதினாலுக்குப் பதிலா நாப்பத்தியொண்ணுன்னு அழுத்தியிருக்காரு. தவசி அம்புக்குறி பட்டனத் தொட்டுக் காட்டினாரு. சடையாண்டி அத அழுத்திப் பின்னால போயி, அந்த எண்ண மட்டும் திருத்தினாரு. தொண்ணூத்தியாறு.

கெளம்புறப்போ தவசி ஃபேன்கிட்டச் சொன்னாரு: "அன்னிக்கு அண்டா காலியாயிடுச்சு. வேணும்னு செய்யல."

"பக்கத்து எலைக்கு வந்துச்சேன்னு கேளு" அப்படின்னுட்டு சடையாண்டி ஓடினாரு.

அப்புறம் ஒவ்வொரு சொட்டா எண்ணி ஊத்தினாரு. டப். டப். டப். தண்ணி நீலமாயிடுச்சு. ஆள் அசையாம தொட்டிப் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. இருட்டுற நேரத்துல ஒரு சத்தம். சளக். செவலை நிமிர்ந்து நீந்துது.

புள்ளி எல்லாம் போயி, முட்டை போட்டு, குஞ்சும் பொரிச்சு வளர்ந்துச்சு. அதுல ஒண்ண ஒரு கண்ணாடிப் பாட்டில்ல விட்டு, தவசி கடைப் பலகை மேல கொண்டுபோயி வெச்சாரு. ஒண்ணும் பேசாம வந்துட்டாரு.

"ம்... இப்ப பேசிக்கிறாங்களா?"

பேசிக்கிறாங்க. தெனமும் பேசிக்கிறாங்க. முன்ன ஃபேனப் பாத்துப் பேசினாங்க, இப்ப அந்த மீனப் பாத்துப் பேசிக்கிறாங்க. "பாயசம் இன்னும் வரலையே"ன்னு சடையாண்டி மீனுகிட்டக் கேப்பாரு. "அடுத்த விசேஷத்துல மொத எலை அவருக்குத்தான்னு சொல்லு"ன்னு தவசி மீனுகிட்டச் சொல்லுவாரு. மீனு ரெண்டு பேரையும் பாத்து வாயத் தொறந்து தொறந்து மூடும்.

அவ்வளவுதான். மீனு கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கும். நீ மூடிக்கிட்டுத் தூங்கு.