மாலை போடாத படம்

சிவசோதியிடம் வேலை பழக வந்தவர்களில் அதிகம் கேள்வி கேட்டவள் ஆரபி. அதிகம் ஏச்சு வாங்கியவளும் அவள்தான். டொரொன்டோவில் பிறந்து, அங்கேயே உளவியல் படித்து, எதற்கும் ஒரு வாதத்தைத் தயாராக வைத்திருந்த பிள்ளை. சிவசோதி முதலில் வன்னியிலும் பிறகு இங்கேயும் மனம் நொந்த சனங்களோடு இருந்து பழகிய உளவளத்துணையாளர். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு அவ்வளவாக இல்லை.

அன்று ஆரபி கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள்.

“மிஸ், இராசமலர் அம்மா சாப்பாட்டை நிப்பாட்டிப்போட்டா.”

“எப்ப தொடக்கம்?”

“முந்தநாள் தொடக்கம்.”

“முந்தநாள் என்ன நடந்தது?”

ஆரபி ஜன்னலைப் பார்த்தாள். “நான் போனனான்.”

இராசமலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது போலீஸ். பனி கொட்டிய ஒரு பின்னேரம், கோட் இல்லாமல், பஸ் தரிப்பிடத்தில் நின்று, இறங்குகிற ஒவ்வொரு ஆம்பிளையின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் விறைத்துப் போயிருந்தன. வன்னியில் சண்டை முடிந்த வருசம் அவருடைய மகன் தாசனை ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்கள். அதோடு சரி. செய்தியும் இல்லை, உடலும் இல்லை.

வார்டில் அவர் ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கி வைத்தார். யாருக்கு என்று கேட்டால் “தாசனுக்கு” என்றார். இல்லாத ஆளைக் காண்கிறார் என்று வார்டில் முடிவு கட்டிவிட்டார்கள். மகன் செத்துப்போனதை வாயால் ஒப்புக்கொள்ளும்வரை வீட்டுக்கு விடமுடியாது என்றார் டொக்டர். வெள்ளிக்கிழமை கூட்டம். அதில் சரிவராவிட்டால் நெடுநாள் வார்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

“நீ போய் என்ன செய்தனீ?”

“அவையள் அவவின்ர கலாசாரம் தெரியாமல் மருந்தை மட்டும் கூட்டுகினம் மிஸ். எனக்கு விசர் வந்திட்டுது. நான் தாசன் அண்ணையின்ர படத்தைப் பெரிசாக்கி, பிரேம் போட்டு, சந்தனமாலை போட்டு, கரண்ட் விளக்கு ஒண்டும் வைச்சனான். நெருப்புக் கொளுத்த அங்க விடமாட்டினம். எங்கட முறைப்படி ஒரு அஞ்சலி செய்தால் மனம் ஆறும் எண்டு வகுப்பில படிச்சது.”

“ஆரின்ர முறை?”

“எங்கட முறை. தமிழ் முறை.”

“ஆருக்குச் செய்யுற முறை?”

“செத்தவைக்கு,” என்றாள் ஆரபி.

சிவசோதி மேசை லாச்சியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழும்பினார். “வா.”

இராசமலர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜன்னல் விளிம்பில் மாலையோடு படம். விளக்கு சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு தொடாமல் கிடந்தது. அன்று அவர் பாதியைக்கூட ஒதுக்கி வைக்கவில்லை.

சிவசோதி விளக்கின் வயரைப் பிடுங்கினார். படத்தைக் கையில் எடுத்து, மாலையைக் கழற்றாமல், கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டினார். சந்தனச் சீவல்கள் நிலமெங்கும் கொட்டின. சத்தம் கேட்டு இராசமலர் திரும்பினார்.

சிவசோதி வெறும் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்தார்.

“அம்மா, தம்பிக்கு இப்ப என்ன வயசு?”

இராசமலர் கையை நீட்டிப் படத்தைத் தொட்டார்.

“வாற ஆனியில முப்பத்தெட்டு.”

“ஆள் மாறியிருப்பார் என்ன?”

“தலை நரைச்சிருக்கும். தேப்பன்ர ஆக்களுக்கு வேளைக்கு நரைக்கும்.” அவர் மெல்ல எழும்பி இருந்தார். “இந்தப் படத்தைப்போல இருக்கமாட்டான். எனக்கும் அதுதான் பயம். பஸ்ஸால இறங்கினால் முகத்தை மட்டுக்கட்ட ஏலாமல் விட்டிடுவனோ எண்டு.”

“சாப்பாட்டில ஆள் எப்பிடி?”

“கள்ளன். முருங்கைக்காயைச் சூப்பிப்போட்டுச் சக்கையை என்ர சாப்பாட்டுக் கோப்பைக்குள்ள போடுவான். நான் ஏசினால், ‘உங்களுக்குத்தானம்மா விட்டுவைச்சனான்’ எண்டு சொல்லுவான்.”

சிவசோதி சிரித்தார். இராசமலரும் சிரிக்கப் பார்த்தார். பிறகு தட்டை இழுத்து, ஆறிப்போன உருளைக்கிழங்கை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியை ஒதுக்கினார். மற்றப் பாதியில் கொஞ்சம் சாப்பிட்டார். அவருடைய பார்வை ஆரபியில் விழுந்தது.

“பிள்ளை, நீ நல்ல மனசோடதான் செய்தனீ. ஆனா என்ர பிள்ளையைக் கொண்டுபோட்டாய்.”

லிப்டுக்குள் ஆரபி அழுதாள். வாசலுக்கு வருமுன்பே வாதம் திரும்பி வந்துவிட்டது.

“இது பொய் இல்லையோ மிஸ்?”

“எது?”

“வயசு கேட்டனீங்கள். செத்தவைக்கு வயசு போறதில்லை.”

“செத்திட்டார் எண்டு உனக்கு ஆர் சொன்னது?”

“உயிரோட இருக்கிறார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை,” என்றார் சிவசோதி. “அவவுக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை.”

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சிவசோதி கார் நிற்கும் பக்கம் போகவில்லை. எதிரே இருந்த பஸ் தரிப்பிடத்துக்குப் போய் நின்றார். ஆரபியும் நின்றாள். ஒரு பஸ் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், போனது. இன்னொன்று வந்தது. மூன்றாவது பஸ்ஸில் தாடியோடு ஒரு தமிழ் ஆள் இறங்கினார். தன்னை அறியாமலே ஆரபி அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தாள். தலையில் நரை இருக்கிறதா என்றும் பார்த்தாள்.

“குளிருதோ?” என்றார் சிவசோதி.

“எனக்குக் கோட் இருக்கு.”

“ஓம்,” என்றார் சிவசோதி.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இராசமலருக்குப் பக்கத்தில் அவருடைய மகள் வதனி இருந்தாள், மடியில் தாயின் புதுக் கோட்டோடு. மொழிபெயர்ப்பதற்கு ஆரபி. மூலையில் சிவசோதி. டொக்டர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. களைத்த கண்களும் மெதுவான குரலுமாக இருந்தார். அதுவே ஆரபிக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. கெட்டவர் என்றால் சண்டை பிடிப்பது சுகம்.

“அவரிடம் கேளுங்கள்,” என்றார் டொக்டர். “மகன் இறந்துவிட்டதை அவர் புரிந்துகொண்டாரா?”

“இதை நான் மொழிபெயர்க்க மாட்டேன்,” என்றாள் ஆரபி ஆங்கிலத்தில்.

“அதற்காகத்தான் உங்களை இங்கே வைத்திருக்கிறோம்.”

“அப்படியென்றால் என்னை அனுப்பிவிடுங்கள். அவர் பேய் பிசாசு ஒன்றையும் காணவில்லை. மகன் வரவில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சாப்பாட்டை ஒதுக்கி வைக்கிறார். வந்துவிட்டால் ஏன் ஒதுக்கப்போகிறார்?”

“பனியில் கோட் இல்லாமல் நின்றாரே?”

“கோட் மறந்ததுதான் அவருடைய நோய். அதற்குக் கோட் கொடுங்கள், பக்கத்தில் ஒரு ஆளைக் கொடுங்கள். வேலை முடிந்து நான் போய் பஸ் தரிப்பிடத்தில் அவரோடு நிற்பேன். எனக்கு ஏலாத நாளில் வதனி அக்கா நிற்பா. நித்திரை வர மருந்து தாருங்கள், அதை வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை. மகனைக் கொன்றுபோட்டு வீட்டுக்குப் போ என்று சொல்லாதீர்கள். அந்தப் பிழையை நான் ஒருமுறை செய்துவிட்டேன்.”

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“பக்கத்தில் ஆள் நிற்பது நல்ல யோசனை,” என்றார். “அதற்கு நான் சம்மதிக்கலாம். ஆனால் உண்மையை மறுக்கிற ஒருவரை எப்படி விடுவது?” அவர் மூலைப்பக்கம் திரும்பினார். “நீங்கள் இவளுடைய ஆசிரியை. நீங்களாவது நேராகச் சொல்லுங்கள். அந்த மகன் இருக்கிறாரா, இல்லையா?”

சிவசோதிக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் அவர் இராசமலருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, டொக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தமிழில் சொன்னார்:

“டொக்டர், அந்தப் பிள்ளையைப் பஸ்ஸில ஏத்தேக்க இந்த மனுசி அவன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. ஆமிக்காரர் கையைப் பிரிச்சு எடுத்தவை. இருக்கிறானோ இல்லையோ எண்டு அவையைக் கேட்டால் தெரியும். இந்த மனுசி கேட்டவ. ரோட்டில குந்தியிருந்து கேட்டவ, அரசாங்கக் கந்தோர் கந்தோராய் ஏறிக் கேட்டவ. அவை வாய் திறக்கேல்லை. பதில் சொல்லும்வரைக்கும் வெளியில விடமாட்டம் எண்டு அவையை ஒருத்தரும் கட்டிலில கிடத்தி மருந்து குடுக்கேல்லை. இவவைத்தான் கிடத்தியிருக்கிறியள்.”

இராசமலர் மகளின் மடியிலிருந்த கோட்டை எடுத்தார். ஒரு கையை நுழைத்தார். மற்றக் கையையும் நுழைத்து, இன்னும் விறைப்பு மாறாத விரல்களால் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கினார்.

டொக்டர் ஆரபியைப் பார்த்தார்.

சிவசோதியும் ஆரபியைப் பார்த்தார்.

“இதை மொழிபெயர் பிள்ளை,” என்றார். “ஒரு சொல்லும் குறையக்கூடாது.”