வராத குத்து

துரோகின்னு சொல்லுங்க லூர்துண்ணே, பரவால்ல. ஆனா பொறாமைன்னு சொல்லாதீங்க. எத்திராஜ் மாஸ்டர் மேல எனக்கு என்ன பொறாமை? கையில துணி சுத்துறதுல இருந்து எல்லாம் அவருதான் எனக்குக் கத்துக் குடுத்தாரு. நம்ம கிளப்போட புது ரிங்குக்கு அவர் பேர வைக்க வேணாம், கன்னியப்பன் பேர வைங்கன்னு சொன்னேன், ஆமா. இப்பவும் அதான் சொல்றேன்.

மோதினப்ப எல்லாம் மாஸ்டர்தான் ஜெயிச்சாரு, கன்னியப்பன் ஒருவாட்டிகூட ஜெயிக்கல, காசிமேட்டத் தாண்டி அந்தாள யாருக்குத் தெரியும்னு கேக்குறீங்க. எல்லாம் சரி. செக்ரெட்டரியா நீங்க சொல்றதுல தப்பே இல்ல. போன மாசம் வரைக்கும் நானும் இதத்தான் பேசிக்கிட்டு இருந்தேன்.

அப்ப ஒருநாள் காலையில டீக்கடையில பசங்க இதே சண்டதான் போட்டானுங்க. அந்தக் காலத்து பாக்ஸருங்கள்ல யாரு பெரிய ஆளு? ஒருத்தன் நாக்-அவுட்ட எண்ணுறான், ஒருத்தன் மெடல எண்ணுறான், இன்னொருத்தன் அப்ப இருந்தவனுங்க எல்லாருமே சொத்தைங்கிறான். கடுப்பாயிடுச்சு. நேரா கிளப்புக்குள்ள போயி மாஸ்டரையே கேட்டேன். "நான்தான்"னு அவர் வாயால ஒரு வார்த்த வரணும், அதக் கொண்டாந்து இவனுங்க மூஞ்சில அடிக்கணும். என் ஆச அவ்ளோதான்.

அவர் கிளவுஸ மாட்டிக்கிட்டு ரிங்ல ஏறினாரு. என்னையும் ஏறச் சொன்னாரு.

"மூஞ்சிக்கு மட்டும் குத்து. கீழ வேணாம்."

குத்தினேன். ஆனா நான் இடது தோள அசைக்கும்போதெல்லாம் அவரோட வலது முழங்கை இறங்கி விலாவ மூடுது. மூஞ்சி தொறந்து கெடக்குது. பொத்து பொத்துன்னு வாங்குறாரு. என் வாய் சும்மா இருக்குமா?

"என்ன மாஸ்டர், மேல குத்துறேன், கீழ கதவச் சாத்துறீங்க?"

"தெரியுது."

"தெரிஞ்சா கைய ஏத்துங்க."

ஏத்தினாரு. தோள அசச்சேன். திரும்ப இறங்கிடுச்சு. வேற யாரோட கையவோ பாக்குற மாதிரி அதப் பாத்தாரு.

"யாருக்கு மாஸ்டர் இது?"

"கன்னியப்பனுக்கு."

அந்தாளோட லெஃப்ட் ஹூக்காம். விலாவுக்குக் கீழ, ஈரல்ல வந்து எறங்குமாம். ஜெயிச்சு மால போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தா, குனிஞ்சு ஷூ கழட்ட முடியாதாம். அவரோட அம்மாதான் கழட்டி விடுவாங்களாம். கன்னியப்பன் போட்ல போயி திரும்பாத வருஷத்தோட இவரும் மோதுறத நிறுத்திட்டாரு. யாரோட மோதினாலும் மோதின மாதிரியே இல்லையாம். இதெல்லாம் சொல்லும்போது என்னப் பாக்கல. எதிர் மூலையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. அங்க ஒரு ஸ்டூல்கூடக் கெடையாது.

நான் விடல.

"ஆனா ஜெயிச்சது நீங்கதான?"

"பாயின்ட் எனக்குக் குடுத்தாங்க."

"அவருதான் கடலோட போயிட்டாரே. இத்தன வருஷத்துல இந்தக் கெட்ட பழக்கத்த விட்டுத் தொலைக்க வேண்டியதுதான? சும்மா அடி வாங்கிக்கிட்டு."

கிளவுஸ் கயித்தப் பல்லால கடிச்சு அவுத்தாரு. அந்த வலது கைய, வலிச்ச இடத்தத் தடவுற மாதிரி, மெதுவா விலாமேல வச்சுக்கிட்டாரு.

"இத விட்டுட்டா, அவன் வேற எங்க வருவான்மா?"

நான் கிளவுஸக் கழட்டிட்டு கீழ எறங்கிட்டேன் லூர்துண்ணே.

நீங்களும் அவர்கிட்ட கத்துக்கிட்டவருதான. நேத்து நீங்க புதுப் பசங்களோட ஆடினத ஓரமா நின்னு பாத்தேன். இடது தோளு அசஞ்சா உங்க முழங்கையும் இறங்குது. எனக்கும் இறங்குது. கன்னியப்பன் பேரக்கூடக் கேள்விப்படாத பசங்களுக்கும் இறங்குது. வேற கிளப்புக்காரனுங்க நம்மளப் பாத்து விலாவப் புடிச்சுக்கிட்டு நடந்து காட்டி நக்கல் பண்றானுங்க.

நாக்-அவுட்டு, மெடலு எல்லாம் எடுத்துட்டு வாங்க, நான் வேணாங்கல. ஞாயித்துக்கிழமதான பேர முடிவு பண்ணப் போறீங்க? அதுக்கு முன்னாடி மைக்கப் புடிங்க. மாஸ்டரும் முன்னாடிதான் உக்காந்திருப்பாரு. எல்லாரும் கேக்குற மாதிரி இத மட்டும் சொல்லுங்க: உங்க கை யாருக்கு இறங்குது?