கிணற்றுக்குத் திரும்பிய தண்ணீர்

காரிநாகர் தம் குருவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஊர்க் கிணற்றடியில்.

குரு சுபநந்தி அடிகள் சமண முனிவர். மழைக்காலம் நான்கு மாதம் மட்டும் அந்தக் குன்றில் தங்குவார். மற்ற நாளெல்லாம் நடைதான். காரிநாகரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். காரிநாகர் துறவி அல்ல. மனைவி இறந்த பிறகு துணி வியாபாரத்தை விட்டுவிட்டு, குன்றின்மேல் இருந்த சமணப் பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தந்துகொண்டிருந்தார்.

அந்த வருஷம் ஊரில் ஒவ்வொரு வீடாகச் சமணத்தை விட்டுச் சிவன் கோயிலுக்குப் போயிற்று. கடைசியாகப் போனது அவருடைய மகள் குணமதியின் வீடு. அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீரும் குடிப்பதில்லை என்று காரிநாகர் சொல்லிவிட்டார். அவள் வருகிற ஊர்க் கிணற்றுக்கே போவதில்லை. தொலைவில் இருந்த ஏரிக்கரைக் கிணற்றில் மொண்டு, குன்றின்மேல் கொண்டுபோய், நீரில் உள்ள சிற்றுயிர் வாய்க்குள் போகாதபடி துணியில் வடிகட்டினார்.

மழைக்காலம் முடிந்தது. அடிகள் கிளம்பினார். வழியனுப்பும் அவசரத்தில் காரிநாகர் அன்று தண்ணீருக்குப் போகவில்லை. வறண்ட தொண்டையோடு கூடவே இறங்கினார்.

பாதி வழியில் கேட்டார்.

"அடிகளே, நான் பெற்ற மகளே போய்விட்டாள். நமக்குப் பிறகு இந்த ஊரில் என்ன மிஞ்சும்?"

அடிகள் எறும்பு மிதிபடாமல் மயிற்பீலியால் தரையை ஒதுக்கியபடி நடந்தார். அடிவாரத்தில் ஊர்க் கிணற்றுப் பக்கம் திரும்பினார். காரிநாகர் தயங்கி நின்றார். பிறகு அவரும் போனார்.

கிணற்றடியில் குணமதி இருந்தாள். நெற்றியில் நீறு. அடிகளை வணங்கினாள். தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு இந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாமே, அடிகளே. குன்றேறியதும் வயிறும் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது."

காரிநாகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை என்று அடிகள் அவளிடம் சொன்னார்.

அவள் குடத்தின் வாயில் துணியை இரண்டாக மடித்துக் கட்டினாள். தண்ணீரை மொண்டு வடிகட்டினாள். துணியை அவிழ்த்து, மறுபுறம் திருப்பி, வடித்த தண்ணீரையே கொஞ்சம் ஊற்றி வாளிக்குள் அலசினாள். வாளியைக் கயிற்றில் நீர்மட்டம் வரைக்கும் இறக்கி, மெல்லச் சாய்த்தாள். மேலிருந்து கொட்டவில்லை.

காரிநாகர் பார்த்துக்கொண்டிருந்தார். சாய்க்கும்போது இடது மணிக்கட்டை அப்படி வளைப்பது அவர் மனைவியின் வழக்கம். முப்பது வருஷம் பார்த்த கை.

ஏன் அப்படிச் செய்தாய் என்று அடிகள் கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இது என்ன கேள்வி? துணியில் தங்கினதுகளும் உயிர்தானே. இந்தக் கிணற்றில் இருந்ததுகள். வேறு எங்கே போய்ப் பிழைக்கும்?"

யார் சொல்லிக் கொடுத்தது என்றதற்கு, யாரும் சொல்லவில்லை, அம்மா செய்வாள் என்றாள். தன்னைப் பார்த்து மாமியாரும் செய்கிறாள், இப்போது தெருவே செய்கிறது என்றாள்.

அடிகள் திரும்பினார்.

"மேலே துணியை எங்கே அலசுகிறீர், நாகரே?"

காரிநாகர் குன்றை நிமிர்ந்து பார்த்தார்.

"பாறைச் சுனையில்" என்றார்.

ஏரிக்கரைத் தண்ணீரின் உயிர் சுனைத் தண்ணீரில் வாழாது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தருகிறவரே அவர்தான்.

காரிநாகர் தரையைப் பார்த்தபடி, "நான் கேட்டதற்கு அடிகள் இன்னும்..." என்று இழுத்தார்.

"மகள் செம்பை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கை வலிக்கும். குடியும்."

காரிநாகர் வாங்கிக் குடித்தார். நிமிர்ந்தபோது அடிகள் ஏரிக்கரை தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். தை மாதத்தில், வடக்கே ஓர் ஊரில் காய்ச்சலில் இறந்துபோனார் என்று செய்தி வந்தது.

அந்தக் குன்றில் இப்போது பள்ளி இல்லை. பாறையில் வெட்டிய படுக்கைகள் பதினொன்று இருக்கின்றன. ஆடு மேய்ப்பவர்கள் மத்தியானம் அவற்றில் படுத்துக்கொள்கிறார்கள். யார் வெட்டியது என்று கேட்டால் தெரியாது என்கிறார்கள். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறவர்கள், வடிகட்டிய துணியை அலசி, அந்தத் தண்ணீரை வாளியில் இறக்கி மெல்லச் சாய்க்கிறார்கள்.