இரு கரைக்கு ஓர் இடம்

கதையைக் கேட்டுவிட்டுக் கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். "நல்ல கதை" என்று தலையாட்டிவிட்டு எழுந்து போக விடமாட்டேன். சம்மதம் என்றால் உட்காருங்கள்.

கனடாவில் ஓர் ஆறு. வடகரையில் ஒரு பல்கலைக்கழகம், தென்கரையில் இன்னொன்று. இரண்டிலும் ஆண்களுக்கு ஐஸ் ஹாக்கி அணி உண்டு. பயிற்சியாளர் உண்டு, பேருந்து உண்டு, அடிபட்டால் ஓடிவர வைத்தியர் உண்டு. ஆண்கள் லீக்கில் மொத்தம் பதினொரு அணிகள். வாரம் ஓர் அணி ஆட்டமில்லாமல் ஓய்வெடுக்கும். அதற்காக யாரும் கண்ணீர் விட்டதில்லை.

பெண்களும் விளையாடினார்கள். எப்படி என்றால், ஆண்கள் பயிற்சி முடித்துக் கீறிப்போட்டுவிட்டுப் போன பனித்தரையில். அதை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுபவர் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார். கீறலில் பட்டு ரப்பர் வட்டு ஒரு பக்கம் துள்ளும், இவர்கள் ஒரு பக்கம் விழுவார்கள். விழுந்தவளுக்கு, தூக்கிவிடுகிறவள்தான் வைத்தியர். பார்க்கிற நமக்கு மனசு கஷ்டப்படும். அவர்களோ சிரித்துக்கொண்டே எழுந்து ஓடுவார்கள்.

பெண்கள் லீக்கில் ஏழு அணிகள் இருந்தன. அந்த லீக்கில் இடம் கிடைத்தால்தான் பல்கலைக்கழகம் "இது எங்கள் அணி" என்று ஒப்புக்கொள்ளும். இரு கரைப் பெண்களும் இடம் கேட்டார்கள். லீக்கின் செயலாளர் பெரிய நியாயஸ்தர் போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஓர் இடம்தான் தர முடியும். எட்டு அணி என்றால் ஜோடி ஜோடியாக ஆடலாம். ஒன்பது என்றால் வாரம் ஓர் அணி சும்மா உட்கார்ந்திருக்கும், அது சரிப்படாது. நீங்கள் இருவரும் மோதுங்கள். வென்றவருக்கு இடம்."

வடகரை அணியின் தலைவி கிளேர். அவளுக்குப் படிப்பின் கடைசி ஆண்டு. இடம் கிடைத்தாலும் ஆட்டம் அடுத்த ஆண்டிலிருந்துதான், அவள் ஆடப் போவதில்லை. அவள் அணியின் கோல்கீப்பர் சாரங்கி, ஸ்காபரோவிலிருந்து வந்த தமிழ்ப்பெண், முதலாம் ஆண்டு. இடம் கிடைத்தால் முழுசாக மூன்று ஆண்டுகள் ஆடலாம். சின்ன வயதிலிருந்து அவள் கேட்டது அது ஒன்றைத்தான். தென்கரையின் தலைவி ஹன்னாவுக்கு இன்னும் ஓராண்டு படிப்பு இருந்தது.

போட்டியன்று காலை, தென்கரையின் ஒரே கோல்கீப்பர் வீட்டு வாசற்படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை வீங்க வைத்துக்கொண்டாள். பனியில் நிற்கிறவளுக்குப் படியில் நிற்கத் தெரியவில்லை! கோல்கீப்பர் இல்லாமல் வந்த அணி தோற்றதாகிவிடும். அதுதான் விதி.

ஆனால் இந்தப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கோல்கீப்பருக்கு எங்கும் பஞ்சம் என்பதால், ஒரு பக்கம் ஆள் இல்லையென்றால் எதிர்ப்பக்கம் தன் ஆளைக் கொடுக்கும். இரண்டு பேர் இருந்தால் கெட்டிக்காரியைத்தான் கொடுக்கும். வடகரையில் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களில் சாரங்கிதான் கெட்டிக்காரி. கிளேர் யாரிடமும் கேட்கவில்லை. சாரங்கியிடம், "போய் அவர்கள் சட்டையைப் போட்டுக்கொள்" என்றாள்.

சாரங்கி போட்டுக்கொண்டாள்.

ஆட்டத்தில் ஹன்னா ஒரு கோல் அடித்தாள். முடிகிற தறுவாயில் கிளேரிடம் வட்டு சிக்கியது. எதிரே சாரங்கி மட்டும். கிளேருக்கு ஒரு பழக்கம்: ஒரு மூலையைப் பார்த்துவிட்டு மற்ற மூலைக்கு அடிப்பாள். கூடப் பழகிய சாரங்கிக்கு அது தெரியும். தென்கரையில் வேறு யார் நின்றிருந்தாலும் தெரிந்திருக்காது. கிளேர் இடது மூலையைப் பார்த்தாள். சாரங்கி வலது மூலைக்குப் பாய்ந்தாள். வட்டு அவள் கையுறைக்குள் இருந்தது.

தென்கரை வென்றது.

வீட்டுக்குப் போகும் வழியில், காரை ஓட்டிக்கொண்டிருந்த சாரங்கியின் அப்பா தவராசாவுக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை, நீ கொஞ்சம் பிந்திப் பாய்ஞ்சிருந்தா ஆர் கேக்கப்போயினம்?"

"ஆரும் கேக்கமாட்டினம் அப்பா. ஆரின்ரை சட்டை போட்டிருந்தனான் எண்டு எனக்குத் தெரியுந்தானே."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

அதே நேரம் ஹன்னா செயலாளர் முன்னால் போய் நின்றாள். "இடத்தை வடகரைக்கே கொடுங்கள். அவர்கள் ஆள் தராவிட்டால் நாங்கள் பனியில் இறங்கியே இருக்க முடியாது." அவள் தோழிகள் கொதித்துப் போனார்கள். "எங்கள் எல்லாருடைய இடத்தையும் தூக்கிக் கொடுக்க நீ யார்?" அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. செயலாளர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

இனி உங்கள் முறை. யாரையும் கேட்காமல் கொடுத்தவள் கிளேர். தோழியின் பழக்கம் தெரிந்து தடுத்தவள் சாரங்கி. வென்றதைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் ஹன்னா. இவர்களில் யார் செய்தது சரி? அந்த இடம் யாருக்குப் போக வேண்டும்?

விடை: கிளேருக்கு நல்ல மனசு, சந்தேகமில்லை. ஆனால் அவள் தூக்கிக் கொடுத்தது தன்னுடையதை அல்ல. சாரங்கியின் மூன்று ஆண்டுகளை. ஹன்னா கொடுக்கப் போனதிலும் அவள் பங்கு கொஞ்சம், தோழிகள் பங்குதான் அதிகம். தன்னுடையதையே இழந்து நியாயமாக ஆடியவள் சாரங்கி ஒருத்திதான். அவள் செய்ததே சரி. இதுவரை சொன்னவர்களுக்குப் பாதி மதிப்பெண். இடம் யாருக்கு என்பதற்குச் செயலாளரின் கணக்கை மறுபடி பாருங்கள். ஒன்பது அணி என்றால் ஒன்று சும்மா உட்காரும், சரிப்படாது என்றாரே. ஆண்கள் லீக்கின் பதினொன்று மட்டும் எப்படிச் சரிப்பட்டது? இரண்டு கரைக்கும் இடம் இருந்தது. இன்னும் இரண்டு பல்கலைக்கழகங்கள் பெண்களை அனுப்பினாலும் இருந்திருக்கும். இல்லாத பஞ்சத்தை நம்பித்தான் அந்த மூன்று பெண்களும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.