உப்பை விட்டவள்

காசிக்குப் போகிறவர்கள் ஒரு காயையோ பழத்தையோ விட்டுவிட்டு வருவார்கள். மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் அதைச் சேருகிற அன்றைக்கே செய்ய வேண்டும். நாக்குக்கு எது ரொம்பப் பிடிக்குமோ, அதை மடத்துத் தலைவரான சாமி முன்னால் சொல்லி விட்டுவிட வேண்டும். மனிதர்கள் கெட்டிக்காரர்கள். மடத்தில் இருந்த பதினெட்டுப் பேரில் ஏழு பேர் பாகற்காயை விட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் புடலங்காயைக் கண்கலங்க விட்டார்.

வடிவு உப்பை விட்டாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, ஒரே மகள் முத்துச்செல்வியைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இனி என்ன இருக்கிறது என்று வந்தவள். "உப்புதான் சாமி" என்று அவள் சொன்னதும் சாமி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். வேறு ஏதாவது சொல் என்பார் போல இருந்தது. சொல்லவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டார்.

மூன்று மாதத்தில் அவளுக்கு ஒளி வந்தது.

விடியற்காலையில் இரண்டு மணி நேரம் கண்மூடி உட்கார்ந்திருப்பாள். பிறகு எழுந்து நிற்பாள். காதுக்குள் இரைச்சல் கேட்கும். நாலு பக்கமும் இருட்டிக்கொண்டு வந்து, நட்டநடுவே வெள்ளையாய் ஒன்று பூக்கும். உடம்பு இருப்பதே தெரியாது. அப்படியே சரிந்துவிடுவாள். விழித்துப் பார்க்கும்போது கன்னமெல்லாம் நனைந்திருக்கும். இதற்குத்தானே வந்தேன் என்று மனசு குளிர்ந்து கிடக்கும்.

சேதி ஊருக்குள் போனது. வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் வந்தது. ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருப்பதைப் பார்க்க வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். அதுவரை கஞ்சிக்கே இழுபறியாய் இருந்த மடத்துக்கு அரிசி மூட்டை மூட்டையாய் வந்து இறங்கியது.

இரண்டாம் வருஷம் முத்துச்செல்வி வந்தாள். ஏழு மாத வயிறு, கை நிறைய வளையல்.

"தலைப்பிரசவம்மா. தாய் வீடுன்னு நான் எங்கே போவேன்? மூணு மாசம் வந்து இரேன்."

"ஒரு நாள் தப்புனாலும் ஒளி போயிரும்ட்டி."

"நான் போனா பரவாயில்லையா?"

வடிவு கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டாள். மகள் பையைத் தூக்கிக்கொண்டாள்.

"பிள்ளை பொறந்தா ஒனக்குச் சொல்லி அனுப்ப மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். வருஷம் ஒன்று ஓடிவிட்டது. தனக்குப் பேரனா பேத்தியா என்று வடிவுக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதும் தவம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெற்ற வயிறு அதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் விடிந்தால் ஒளி வந்துவிடும், வயிறு வாயை மூடிக்கொள்ளும்.

ஒரு வெள்ளிக்கிழமை மண்டபத்துப் படியில் விழுந்தாள். நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. "அம்மா! தாயே!" என்று கூட்டம் கும்பிட்டது. யாரோ துண்டால் நெற்றியைத் துடைத்தார்கள். துடைத்த துண்டை இன்னொருத்தி பிடுங்கினாள். பூஜை அறையில் வைக்க எனக்கு எனக்கு என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்து, துண்டு கிழிந்து, பத்துப் பேர் மடியில் முடிந்துகொண்டு போனார்கள். விழுந்தவளைத் தூக்கத்தான் ஆள் இல்லை. சாமிதான் வந்து தூக்கினார்.

மாதம் ஒருமுறை மடத்துக்கு வருகிற நர்ஸ் ஸ்டெல்லா அன்றைக்கு வந்திருந்தாள். தையல் போட்டுவிட்டு, படுக்க வைத்து ஒருமுறையும் நிற்க வைத்து ஒருமுறையும் பிரஷர் பார்த்தாள்.

"படுத்திருக்கையில நூத்திப்பத்து. நின்னா எழுபத்தெட்டு. எழுந்த ஒடனே ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிருது, தலைக்கு ஏற மாட்டேங்குது. தண்ணி எவ்வளவு குடிப்பிய?"

"ரெண்டு தம்ளர்."

"உப்பு?"

"விட்டாச்சு."

ஸ்டெல்லா சாமியை ஒரு பார்வை பார்த்தாள். வேறு கோளாறு இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். நாலு நாளில் முடிவோடு திரும்பி வந்தாள். வேறு ஒன்றும் இல்லை.

"டாக்டர்ட்டயும் கேட்டுட்டேன். உப்பைச் சேர்க்கணும். தண்ணி நிறையக் குடிக்கணும். வயித்தைக் காயப்போடக் கூடாது. எந்திரிக்கிறதுக்கு முந்திக் காலை நல்லா ஆட்டி, கொஞ்சம் உக்காந்துட்டு, அப்புறம் நிக்கணும். அம்புட்டுதான்."

அவள் போனதும் வடிவு சிரித்தாள்.

"ஊசி போடுதவளுக்கு ஒளியைப் பத்தி என்ன தெரியும் சாமி?"

"பத்து நாள் உப்புப் போட்டுச் சாப்பிடு" என்றார் சாமி.

"விரதம் சாமி."

"என் முன்னாலதானே விட்டே. நானே திருப்பித் தாறேன்."

"ஒளி போயிட்டுன்னா?"

"ஒரு கல் உப்புக்குப் போற ஒளியா அது?"

வடிவுக்கு ரோஷம் வந்தது. "போகாது" என்றாள்.

சாமி தன் கையாலேயே கஞ்சியில் உப்பைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு நாக்கில் உப்புப் பட்டது. காது மடல்வரை சிலிர்த்தது. இன்னொரு அகப்பை ஊற்றச் சொல்லிக் கேட்க வந்த வாயை அவள் கஷ்டப்பட்டு அடக்கினாள். இவ்வளவு ருசியாய் இருந்ததற்காக அவளுக்கு அவள் மேலேயே வெறுப்பாய் இருந்தது.

மூன்றாம் நாள் எழுந்தபோது இரைச்சல் மட்டும் கேட்டது. ஐந்தாம் நாள் அதுவும் இல்லை. எதிரே சுவர் தெரிந்தது. சுவரில் ஈரம் பூத்திருந்தது, ஒரு பல்லி இருந்தது. ஏழாம் நாள் யாருக்கும் தெரியாமல் மூன்று தடவை உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். சுவர்தான்.

வெள்ளிக்கிழமை வந்த கூட்டம் அவள் எழுந்து கல்லுப்போல நின்றதைப் பார்த்துவிட்டு முணுமுணுத்தது. நாக்குக்கு ஆசைப்பட்டு விரதத்தை முறித்துவிட்டாளாம், சக்தி போய்விட்டதாம். தாசில்தார் அதை நாலு பேருக்கு விளக்கிச் சொன்னார். புடலங்காயை விட்டவர் அல்லவா, சொல்ல உரிமை உண்டு.

பதினோராம் நாள் காலையில் வடிவு சாமியின் அறைக்குப் போனாள். மூன்று வருஷத்தில் அவள் கால் இவ்வளவு உறுதியாய் நடந்ததில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வரலை சாமி."

"வராது."

"அப்போ அது சாமியில்லையா?"

"கிறக்கம்."

அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"கிறக்கத்துக்கா எம்மகளை விட்டேன்?"

சாமி எழுந்து கதவைச் சாத்தினார்.

"வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்து நின்னாளே சாமி. கிறக்கத்துக்கா அவளைத் திருப்பி அனுப்புனேன்?"

"ஆமா."

"ஒங்களுக்கு எப்போ தெரியும்?"

"நீ மொதல்ல விழுந்த அன்னிக்கே."

வடிவு தலையை நிமிர்த்தினாள். அவள் கண்ணில் அப்போது பக்தி என்று ஒரு துளி இல்லை.

"அவ வந்து நின்னப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ போயிருவே. நீ போனா கூட்டம் போயிரும். பதினெட்டுப் பேருக்குக் கஞ்சி ஊத்தணும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்."

"இப்போ மட்டும் எதுக்குச் சொன்னிய? அப்படியே விழுந்து செத்திருப்பேனே, சந்தோஷமா."

"துண்டைக் கிழிச்சாங்களே. அன்னிக்கு எனக்குப் பயம் வந்துட்டு. அடுத்தது ஒன்னையே கிழிப்பாங்க."

வெளியே யாரோ முற்றம் பெருக்குகிற சத்தம் கேட்டது. வடிவு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"கிறக்கம்னு எப்படிக் கண்டுபிடிச்சிய? ஒங்க கையில மிஷினு ஒண்ணும் இல்லையே."

"நானும் உப்பைத்தான் விட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"எனக்கும் வந்துச்சு. அதே இரைச்சல், அதே வெள்ளை. ஆறு வருஷம். அதுக்கப்புறம் கிணத்தடியில விழுந்து இடுப்பு ஒடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தேன். அங்கே உப்புப் போட்ட சோறுதான் தந்தாங்க. ஒரு வாரத்துல எல்லாம் நின்னு போச்சு. திரும்பி வந்த பொறவு இந்த அறைக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு உப்புத் தின்னுதேன். இருபத்திரண்டு வருஷமாச்சு."

"ஊரெல்லாம் ஒளி கண்ட சாமின்னுல்லா ஒங்களைக் கும்பிடுது?"

"கும்பிடுது."

"நான் எந்த மொகத்தோட அவ வீட்டு வாசல்ல போயி நிப்பேன்?"

"இந்த மொகத்தோடதான்."

"கதவைச் சாத்துவா."

"சாத்துவா. அதுக்கு அங்கே ஆள் இருக்கணும். ஒனக்கு ஆள் இருக்கு."

வடிவு எழுந்தாள். கதவுவரை போனவள் திரும்பினாள். குரலில் இன்னும் கோபம் ஆறவில்லை.

"ஆறு வருஷம் விழுந்தியளே. ஒங்க குரு ஒங்களுக்கு ஒண்ணும் சொல்லலையா?"

சாமி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவர் என் கால்ல விழுந்தாரு. அந்த வாரம்தான் எங்கம்மா செத்துப்போனான்னு ஆள் வந்துது. ஒரே பிள்ளை, கொள்ளி வைக்க வான்னு கூப்பிட்டாங்க. ஒளி போயிருமேன்னு நான் போகலை."