வளையாத கயிறு

செம்மணல்கோட்டையை ஆண்ட விசயரங்க சேதுராயருக்கு ஒரு விநோதமான நோய் உண்டு. எதுவும் நேராக இருக்க வேண்டும். தெரு நேராக, தோரணம் நேராக, சேவகர்களின் மீசைகூட நேராக!

அந்த ஆண்டு விஜயதசமிக்குச் சம்பந்தி ராஜா வருவதாக இருந்தது. கோட்டை வாசலின் இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே கயிறு கட்டி, அதன் மத்தியில் பெரிய வெண்கல விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். கயிறு திரித்தவன் மாடக்கண்ணு. ராஜா அண்ணாந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"கயிறு ஏன் கூனிக்கிடக்கிறது? சம்பந்தி பார்த்தால் சிரிக்கமாட்டாரா? நேராக்குங்கள்!"

பக்கத்தில் நின்ற பிரதானி கும்பலிங்கம் இதற்காகத்தான் காத்திருந்தார். கோட்டைக்குக் கயிறு கொடுக்கும் வேலையைத் தம் மைத்துனனுக்கு வாங்கித் தர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"இழுத்துக் கட்டுங்கடா!" என்றார்.

இழுத்தார்கள். வளைவு கொஞ்சம் குறைந்தது. ராஜா தலையை ஆட்டினார். "போதாது." உருளை வைத்து முறுக்கினார்கள். "இன்னும்!" என்றார் ராஜா. இன்னும் முறுக்கினார்கள். படீர்! கயிறு அறுந்தது. விளக்கு நேராகப் பிரதானியின் பல்லக்கின் மேல் போய் உட்கார்ந்தது. நல்லவேளை, பல்லக்கில் யாரும் இல்லை.

"மக்கிப்போன நாரில் திரித்திருக்கிறான், மகாராஜா! ராஜதுரோகம்!" என்று கத்தினார் பிரதானி. ராஜாவும் கோபத்தில் இருந்தார்.

"கயிறு திரித்த கையை வெட்டுங்கள்!"

மாடக்கண்ணு தரையில் விழுந்தான். "சாமி, என் கயிற்றில் யானையைக் கட்டலாம் சாமி! பிள்ளைக்குட்டிக்காரன் சாமி!"

அவைப்புலவர் அம்பலவாணர் குனிந்து, அறுந்த முனையை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். "மகாராஜா, நார் நல்ல நார்தான். குற்றம் கயிற்றில் இல்லை."

"அப்படியானால் என் உத்தரவில் குற்றமா?"

பிரதானி புன்னகைத்தார். "புலவர் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார். அவரே இவன் திரித்த கயிற்றை நேராகக் கட்டிக் காட்டட்டுமே. முடியாவிட்டால் அவனுக்குக் கை, இவருக்கு நாக்கு."

"அப்படியே ஆகட்டும்! வெள்ளிக்கிழமை வரை தவணை," என்றார் ராஜா.

மாடக்கண்ணு புலவரின் காலைப் பிடித்துக்கொண்டான். "எனக்காக நாக்கைப் பணயம் வைத்துவிட்டீர்களே, ஐயா!"

"எழுந்திரப்பா. நாக்கு போனால் எனக்குப் பிழைப்பும் போயிற்று. அதனால் கவனமாகத்தான் இருப்பேன்," என்றார் அம்பலவாணர்.

மறுநாள் காலை அவர் மல்லர்கள் இருபது பேரை அரண்மனை முற்றத்துக்கு அழைத்து வந்தார். பக்கத்துக்குப் பத்துப் பேராக, மாடக்கண்ணு திரித்த புதுக்கயிற்றைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ராஜாவையும் கூப்பிட்டார்.

"இழுங்கள்!"

கயிறு அம்புபோல நின்றது. ராஜாவுக்கு ஒரே மகிழ்ச்சி. புலவர் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து கயிற்றின் நடுவில் கட்டினார். கயிறு தொய்ந்தது.

"ஒரு பூசணிக்காய்க்கா இந்தப் பாடு? இழுங்கடா!" என்று ராஜா அதட்டினார்.

மல்லர்கள் பல்லைக் கடித்து இழுத்தார்கள். நரம்பு புடைத்தது. பூசணிக்காய் சற்றே ஏறியது. வளைவு மட்டும் போகவில்லை. ராஜா பட்டு அங்கவஸ்திரத்தை வீசிவிட்டுத் தாமே வந்து ஒரு பக்கம் பிடித்தார். எதிர்ப்பக்கம் தளபதி பிடித்தார். ராஜாவின் முகம் செம்பருத்தியாகச் சிவந்ததுதான் மிச்சம். பூசணிக்காய் அசராமல் தொங்கியது.

"இதென்ன மாயம், புலவரே?"

"மாயம் இல்லை, மகாராஜா. தாங்கள் வடக்கே இழுக்கிறீர்கள். தளபதி தெற்கே இழுக்கிறார். இரண்டு பலமும் ஒன்றுக்கொன்று சரியாய்ப் போயிற்று. பூசணிக்காயின் கனமோ கீழே இழுக்கிறது. அதை மேலே தூக்குவது யார்?"

ராஜா யோசித்தார். "யாரும் இல்லை..."

"கயிறு கொஞ்சம் சாய்ந்தால்தான் தங்கள் இழுப்பில் ஒரு பங்கு மேல்நோக்கிப் போகும். அந்தப் பங்கு கனத்துக்குச் சமமாகிற இடத்தில் பூசணிக்காய் நின்றுவிடும். சாய்வு குறையக் குறைய இழுப்பு ஏறிக்கொண்டே போகும். முழுக்க நேராக்கவேண்டுமென்றால் உலகத்து மல்லர்கள் எல்லாரும் வந்தாலும் போதாது. அதற்கு முன்னால் கயிறு அறுந்துவிடும். அன்றைக்கு அறுந்ததும் அப்படித்தான்."

ராஜா கையைத் தேய்த்துக்கொண்டார். கை எரிந்தது. அதனால் பாடம் நன்றாகவே ஏறியது. ஆனால் பிரதானி விடுவாரா?

"முடியாது என்று புலவரே ஒப்புக்கொண்டார், மகாராஜா! உத்தரவு உத்தரவுதானே? வெள்ளிக்கிழமை கயிறு நேராக இருந்தாக வேண்டும்!"

"இருக்கும்," என்றார் அம்பலவாணர்.

வெள்ளிக்கிழமை ஊரே வாசலில் கூடியது. ராஜா அண்ணாந்து பார்த்தார். இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே மாடக்கண்ணு திரித்த மெல்லிய கயிறு ஒன்று விறைப்பாக, கண்ணுக்கு ஒரு பிசிறு வளைவும் தெரியாமல் நின்றது.

"அற்புதம்! ஆமாம், விளக்கு எங்கே?"

"அதோ, தரையில் இருக்கிறது, மகாராஜா. கயிறு நேராக இருக்கவேண்டும் என்பதுதானே உத்தரவு?"

"விளக்கைத் தாங்காத கயிறு எனக்கு எதற்கு?"

"அதைத்தான் நானும் கேட்கலாமென்று இருந்தேன்," என்றார் புலவர் பணிவாக. "சுமக்கிற எதுவும் கொஞ்சம் வளையத்தான் செய்யும், மகாராஜா. துளிகூட வளையாமல் விறைப்பாக நிற்கிறதென்றால், அது எதையும் சுமக்கவில்லை என்று அர்த்தம். கயிறானாலும் சரி, அரண்மனை உத்தியோகஸ்தர் ஆனாலும் சரி."

ராஜா ஒரு கணம் திகைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விளக்கை ஏற்றுங்கள்! கயிறு அதன் இஷ்டத்துக்குத் தொங்கட்டும். இனிமேல் இந்தக் கோட்டைக்கு வேண்டிய கயிறெல்லாம் மாடக்கண்ணுதான் திரிக்கவேண்டும்!"

சிரித்து முடித்துவிட்டு ராஜா மெல்லத் திரும்பித் தம் அதிகாரிகளை ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற பிரதானி கும்பலிங்கம், அவசர அவசரமாக முதுகைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டார்.